முதலில் பிரேக், பிறகு பெடல்

(‘பிள்ளைகளின் ஆர்வம்: தடுப்பதா, வழிநடத்துவதா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கிள்ளானைச் சேர்ந்த கிரில் பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் படித்தவர்கள். ஆசிரியர் ஒருவர் பேசினார், ஆலோசகர் ஒருவர் பேசினார். நான் 27 ஆண்டுகளாகக் கேட்டும் ஜன்னல் கிரிலும் செய்து பிழைப்பவன். தத்துவம் பேச எனக்குத் தெரியாது. என் மகனும் நானும் வீட்டுக் கொல்லையில் செய்த ஒரு மிதிவண்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்கிறேன். தலைப்புக்கு விடை அதற்குள் இருக்கிறதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொல்லையில் கிடந்த வண்டி

2018ஆம் ஆண்டு. மகன் அப்போது மூன்றாம் படிவத்தில் இருந்தான். ஒருநாள் மாலை வேலை முடிந்து வீடு திரும்பினேன். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. இருக்கைக் குழாயைப் பாதியில் அறுத்திருந்தார்கள். பிரேக் இல்லை, பிரேக் கம்பியும் இல்லை. என் மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அவர் ஏன் அழுதார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய ஆண்டு, 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் பதின்ம வயதுப் பிள்ளைகள் 8 பேர் கார் மோதி இறந்தார்கள். நடுச்சாலையில், இருட்டில், ‘லாஜாக்’ என்று சொல்கிற இந்த மாதிரி மாற்றியமைத்த சைக்கிளில் போனவர்கள். அந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. நீதிமன்றங்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டன. யார் குற்றம் என்று பேச நான் இங்கே வரவில்லை. அந்த 8 பிள்ளைகளின் தாய்மார்களை என் மனைவி தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். இப்போது அதே மாதிரி ஒரு வண்டி எங்கள் கொல்லையில் கிடக்கிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த வண்டியைத் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவன் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னான்: “நீங்க வெட்டிப் போடுங்கப்பா. நான் வேற ஒண்ணு செய்வேன். அத உங்களுக்குத் தெரியாம செய்வேன்.”

அந்தப் பேச்சு என் கையை நிறுத்தியது. மிரட்டலாக அவன் சொல்லவில்லை, நடக்கப் போவதைச் சொன்னான். கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, “உனக்கு என்னதான்டா வேணும்?” என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நீளமான, தாழ்வான, தடித்த டயர் போட்ட ஒரு சைக்கிள். அதில் கால் நீட்டி உட்கார்ந்து, நாற்காலியில் இருப்பதுபோல் ஒருவர் போகிறார். “எனக்கு லாஜாக் வேணாம்பா. இதுதான் வேணும். எப்படிச் செய்றதுன்னு தெரியல. அதனால பசங்க வெட்டுற மாதிரி நானும் வெட்டிட்டேன்.”

நேயர்களே, என் பிள்ளை கேட்டது ஒன்று, நான் பயந்தது வேறொன்று. நான் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

பிள்ளைகளிடம் கற்ற தொழிற்சாலை

அந்தப் படத்தில் இருந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஷ்வின் நிறுவனம் 1933இல் தடித்த பலூன் டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. ‘குரூசர்’ என்று இன்று சொல்கிற வண்டிகளுக்கு அதுதான் பாட்டன். பிறகு 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பையன்கள் சின்ன சைக்கிள்களுக்கு உயரமான ஹேண்டலும் வாழைப்பழம் போன்ற நீள இருக்கையும் தாங்களாகவே மாட்டி ஓட்டினார்கள். ஷ்வினில் பொறியாளராக இருந்த ஆல் ஃபிரிட்ஸ் என்பவருக்கு இந்தச் செய்தி எட்டியது. பையன்கள் செய்ததையே ஒழுங்காகச் செய்து ‘ஸ்டிங் ரே’ என்று பெயரிட்டு 1963இல் அந்த நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அந்த வண்டி அமோகமாக விற்றது.

தொழிற்சாலை பையன்களைத் திட்டவில்லை. அவர்கள் ஆசையை எடுத்துக்கொண்டு, அதற்குச் சரியான குழாயும் சரியான பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. நானும் அதையே செய்து பார்க்கலாமே என்று நினைத்தேன்.

மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, பிரேக் வேலை முடிந்து நான் பார்க்கும்வரை ஒரு முழம்கூட ஓட்டக்கூடாது. இரண்டு, பெரிய சாலையிலும் இருட்டிலும் எப்போதும் ஓட்டக்கூடாது. மூன்று, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை வெட்டி நீட்டக்கூடாது. மற்ற இடத்தில் ஒரு மூட்டு விட்டால் வண்டி தொய்யும், இறங்கிவிடலாம். ஃபோர்க் விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும். மூன்றுக்கும் சரி என்றான்.

முதல் வேலை கோடு போடுவது

அவன் உடனே குழாயை அறுக்கப் பார்த்தான். நான் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றைத் தரையில் போட்டேன். “வண்டிய மொதல்ல இதுல வரை. உண்மையான அளவுல வரை” என்றேன். இரண்டு வாரம் வரைந்தான், அழித்தான், மறுபடியும் வரைந்தான்.

சாதாரண சைக்கிளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 110 சென்டிமீட்டர் இருக்கும். நாங்கள் 150 என்று வைத்தோம். கேட்கும்போது 40 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையில் தாங்கி நடுவில் பாரம் ஏற்றினால், நீளம் கூடக் கூட வளைக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் பாரத்தை அந்தச் சட்டம் தாங்க வேண்டும். அதனால் மேல்குழாயை இரட்டையாக்கினோம். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்தோம்.

அடுத்தது ஹேண்டல் குழாயின் சாய்வு. படத்தில் இருந்த மாதிரி நன்றாகச் சாய்த்து, தரையிலிருந்து 55 டிகிரி வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நான் ஒரு நூலை எடுத்து, ஹேண்டல் குழாயின் நேர்கோட்டைத் தரைவரை நீட்டிக் காட்டினேன். அந்தக் கோடு தரையைத் தொடும் இடம் முன்னால் இருக்கும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. 26 அங்குலச் சக்கரத்துக்கு, சாதாரண ஃபோர்க்கோடு 68 டிகிரி வைத்தால் இடைவெளி சுமார் 8.5 சென்டிமீட்டர். அதையே 55 டிகிரி ஆக்கினால் 17 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். வேகமாகப் போகும்போது நேராகத்தான் போகும். மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் மடிந்து விழும். ஹேண்டலைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் 64 டிகிரிக்கு ஒப்புக்கொண்டான். இடைவெளி 11 சென்டிமீட்டர் வந்தது.

கணக்குப் பாடத்தில் அவன் பெயருக்குத்தான் தேர்ச்சி பெற்று வந்தவன். அந்த இரண்டு வாரத்தில் கோணமும் விகிதமும் எதற்கு என்று அவனாகவே கேட்டான்.

குழாயும் காய்ச்சலும்

பிறகு குழாய் தேடினோம். எங்கிருந்தோ பழைய தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தான். பளபளவென்று நாகப்பூச்சுப் பூசியது. அதன் மேல் அப்படியே வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். என் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த காய்ச்சல் அது. தெரியாத பிள்ளை மூடிய அறையில் செய்தால் என்ன ஆகும்? அந்தக் குழாயைத் தள்ளி வைத்துவிட்டு, 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு இரும்புக் குழாய் வாங்கினோம். அலுமினியச் சட்டத்தை யாரும் வீட்டில் வெட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். அதற்கு வேறு வெல்டிங், ஒட்டிய பிறகு வேறு பக்குவம் வேண்டும்.

பழைய வண்டியிலிருந்து பெடல் அச்சு இருக்கும் கூட்டையும், பின்சக்கரம் பிடிக்கும் முனைகளையும், ஹேண்டல் குழாயையும் அப்படியே அறுத்து எடுத்துக்கொண்டோம். இவற்றை வீட்டில் துல்லியமாகச் செய்ய முடியாது. நடுவில் வருகிற நீளம் மட்டும்தான் எங்கள் வேலை. குழாயோடு குழாய் சேரும் இடத்தில் மீன் வாய் போல் வளைத்து அறுக்க வேண்டும். காகிதத்தில் அச்சு வெட்டி, குழாயில் சுற்றி, கோடு போட்டு, அரம் போட்டுத் தேய்த்தான். வெளிச்சம் தெரியாத அளவுக்கு வாய் பொருந்த வேண்டும். இடைவெளியை வெல்டிங் வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்பது சோம்பேறியின் கணக்கு.

அவன் வைத்த முதல் வெல்டிங் பார்க்க அழகாக இருந்தது. சுத்தியால் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் வாய் பிளந்தது. மேலே மட்டும் ஒட்டி, உள்ளே இறங்கவே இல்லை. முகம் வாடிப் போனது. ஒரு மாதம் கழிவுத் துண்டுகளில் பழகினான். கண்ணாடி போடாமல் ஒரே ஒரு தடவை வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இரவு முழுக்கக் கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கிறது என்று புரண்டான். அதற்குப் பிறகு கண்ணாடியைத் தொடாமல் இயந்திரத்தைத் தொட்டதில்லை.

சட்டத்தின் முக்கிய மூட்டுகளை நானே வைத்தேன். அவனுக்கு வருத்தம்தான். ஆனால் முன் பிரேக்கை முழுக்க அவன் பொறுப்பில் விட்டேன். பிரேக் கட்டை மாட்டும் குமிழ் உள்ள புது ஃபோர்க்காகக் கடையில் தேடி வாங்கி, அவனே மாட்டி, அவனே சரிபார்த்தான்.

நூல் பிடிக்காத இடம்

இரும்பு சூடாகும்போது விரியும், ஆறும்போது இழுக்கும். ஒரே பக்கம் தொடர்ந்து வெல்டிங் வைத்தால் சட்டம் அந்தப் பக்கம் கோணிவிடும். அதனால் முதலில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு நூலைப் பின்முனையில் கட்டி, ஹேண்டல் குழாயைச் சுற்றி மறுமுனைக்கு இழுத்து, நடுக்குழாயிலிருந்து இரண்டு பக்கமும் சமமா என்று அளக்க வேண்டும். பிறகு கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் நூல். “வெல்டிங் வச்சியா? நூல் புடி” என்று நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

கடைசியில் செயின். பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சாதாரண வண்டியைவிட ஓர் அடி கூடிவிட்டது. மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி என்று செயின் 2 அடி கூட வேண்டும். அரை அங்குலக் கண்ணி 48 கூடுதலாக வேண்டும். ஒரு செயின் போதாது. இரண்டை வாங்கி இணைத்தோம். அவ்வளவு நீளச் செயின் தொங்கும், ஆடும். அதற்குக் கீழே ஓர் உருளை வைத்துத் தாங்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். முன்னோக்கி மிதிக்கும்போது செயினின் மேல்பக்கம் இறுகும். பின்னோக்கி மிதித்தால் கீழ்ப்பக்கம் இறுகும். அதனால் அந்த உருளையை ஸ்பிரிங்கில் தொங்கவிடக் கூடாது, அசையாமல் நிறுத்த வேண்டும். அதுவும் செயினுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்த உருளைக்கான சின்னத் தகட்டை நான்தான் வெல்டிங் வைத்தேன். சின்ன வேலை. இரண்டு நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத ஒரு கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனோம். சமதரையில் நன்றாக ஓடியது. மகன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது அங்கிருந்த சரிவில் இறங்கினான். சரிவு முடியும் இடத்தில் வாசல். வாசலுக்கு வெளியே கொள்கலன் லோரிகள் போகிற சாலை.

பாதிச் சரிவில் பின்னோக்கி மிதித்தான். செயின் கழன்று விழுந்தது. பெடல் சும்மா சுற்றியது. செயின் போனால் அந்தப் பின்பிரேக்கும் போய்விடும், நேயர்களே. வண்டி நிற்கவில்லை. நான் ஓடினேன், கத்தினேன். என் குரல் வெளியே வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அவன் முன் பிரேக்கைப் பிடித்தான். அவன் மாட்டிய பிரேக். குட்டையான வண்டியில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும். நீளமான, தாழ்வான வண்டி என்பதால் அப்படி நடக்கவில்லை. வாசலுக்கு இப்பால் வண்டி நின்றது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கால் நடுங்கியது. அவன் குனிந்து செயினைப் பார்த்தான், உருளையைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “அப்பா, இந்தத் தகடு வச்சப்புறம் நூல் புடிச்சீங்களா?”

பிடிக்கவில்லை. சின்னத் தகடுதானே என்று விட்டுவிட்டேன். சூட்டில் அது 3 மில்லிமீட்டர் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முன்னோக்கி மிதிக்கும்போது கீழ்ச்செயின் தளர்வாக இருந்ததால் தெரியவில்லை. பின்னோக்கி மிதித்து அது இறுகியதும், கோணலான உருளை செயினை வெளியே தள்ளிவிட்டது. பல ஆண்டு அனுபவம் உள்ளவன் செய்த தவறு. காப்பாற்றியது, வெல்டிங் தெரியாது என்று நான் ஒதுக்கி வைத்த பையன் செய்த வேலை.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. தகட்டை வெட்டி எடுத்து, அவன் நூல் பிடிக்க, நான் மறுபடியும் வைத்தேன். பின்சக்கரத்துக்கும் தனியாக ஒரு கைப்பிரேக் போட்டோம். சாதாரணக் கம்பி எட்டவில்லை. இருவர் மிதிக்கும் நீள சைக்கிளுக்கு உள்ள கம்பியைத் தேடி வாங்கினோம்.

என் விடை

தாமானில் வண்டி பேர் வாங்கியது. அவன் நண்பர்கள் பார்க்க வந்தார்கள். நான்கு பேரிடம் பிரேக் இல்லாத லாஜாக் இருந்தது. அந்தச் சரிவில் நடந்ததை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். பெரியவர்கள் சொன்னால் காதில் ஏறாதது, கூட்டாளி சொன்னபோது ஏறியது. மூன்று பேர் தங்கள் வண்டியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து பிரேக் மாட்டிக்கொண்டார்கள். நான்காவது பையன், மற்ற பசங்க சிரிப்பாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு கோப்பித் தண்ணியாவது கொடுத்துப் பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆக, தடுப்பதா, வழிநடத்துவதா? இரண்டும் வேண்டும் என்பதுதான் என் அனுபவம். ஃபோர்க்கை வெட்டாதே, இருட்டில் ஓட்டாதே, பிரேக்கைக் கழற்றாதே என்று தடுக்க வேண்டியதைத் தடுத்தேன். அந்தத் தடையை அவன் மதித்தது, மற்ற எல்லாவற்றிலும் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ததால்தான். பக்கத்தில் உட்காராதவன் போடும் தடை, பிள்ளை தெருமுனை திரும்பும்வரைதான் செல்லும்.

நம் தாமான்களில் வெல்டிங் தெரிந்தவர்கள், மின்சார வேலை தெரிந்தவர்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கொல்லைக் கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் வருவார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் வேலையிலும் அவர்கள் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். கோபப்படாதீர்கள். என் மகன் கண்டுபிடித்ததால்தான் அந்த உருளை இன்று நேராக நிற்கிறது.

அந்த வண்டி இன்னும் எங்கள் கொல்லையில்தான் இருக்கிறது. பெயிண்ட் கொஞ்சம் உரிந்துவிட்டது. இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்கின்றன.